பின்கோடைத் திருத்தப் போனவன்

பொம்மசந்திரா தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. மெட்ரோ பாலத்துக்கு அடியில் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கினால் உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால், திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றும். அதனால் நடந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. அன்று மதியம் வரைக்கும் எனக்குச் சந்தாபுராவில் ஒரு கட்டில் இருந்தது.

கட்டில் என்றால் இரும்புக் கட்டில், இரண்டடுக்கு. மேலடுக்கு என்னுடையது. பார்சல் கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்காகக் காண்ட்ராக்டர் போட்டிருந்த தகரக் கொட்டகையில் அப்படி இருபது கட்டில்கள். வேலை இருக்கும்வரை கட்டில் உண்டு. வேலை போனால் சாயங்காலத்துக்குள் காலி செய்துவிட வேண்டும். கட்டில் கிடைப்பதற்கு முந்தைய மூன்று வாரம் கடை வாசல்களில் படுத்திருந்தேன். மழைக்காலத்தில் கடை வாசலில் படுப்பது என்பது பாதி ராத்திரி சுவரோடு ஒட்டி நிற்பதுதான். ஆகவே அந்தக் கட்டிலை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்?

ஆறே ராத்திரி வைத்திருந்தேன்.

ஆள் எடுத்த அன்று கிடங்கு வாசலில் ஒருவர், "சார்ட் பண்ணத் தெரியுமா?" என்று வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும், "வாழ்க்கை பூரா அதான் சார் பண்றேன்" என்றேன். முழுப் பொய் இல்லை. ஓசூரில் தக்காளி சார்ட் பண்ணியிருக்கிறேன், அதாவது தரம் பிரித்திருக்கிறேன்: செங்காய், பழம், அழுகல். பழைய இரும்புக் கடையில் பித்தளை வேறு, செம்பு வேறு என்று சார்ட் பண்ணியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி இந்த ஒரு வினைச்சொல்தான். கீழ்க்கட்டில்காரர் தருமபுரிப் பக்கத்து ஆள். "பார்சல் பிரிக்கப் போறேன்" என்று வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து தலையை நீட்டி, "சார்ட் பண்றதுன்னு சொல்லுங்கண்ணா, மரியாதையா இருக்கும்" என்று திருத்தினேன். அவர் அந்த வேலையில் நான்கு வருஷம் இருந்தவர்.

வேலை சுலபம். பெல்ட்டில் பார்சல் வரும். மேலே பின்கோடு இருக்கும். அதன் கடைசி மூன்று எண்ணைப் பார்த்து, அந்த எண் எழுதிய கம்பிக் கூண்டில் போட வேண்டும். கூண்டு நிறைந்தால் வண்டிக்குப் போகும். சூப்பர்வைசர் மதுரைப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். முதல் நாளே சொன்னாள்: "அண்ணா, நம்பரை மட்டும் பாருங்க. அட்ரஸைப் படிக்காதீங்க."

ஐந்து நாள் படிக்கவில்லை. ஆறாம் நாள் படித்தேன்.

படித்தால் எல்லாம் நான் நடந்த தெருக்கள். விவேக் நகரில் எந்தக் குறுக்குத் தெரு முட்டுச்சந்து என்று எனக்குத் தெரியும். பிரேசர் டவுனையும் பென்சன் டவுனையும் ஒரே நடையில் முடித்துவிடலாம். அதற்கு எதற்கு இரண்டு கூண்டு, இரண்டு வண்டி? பார்சல் கொண்டுபோகிறவன் பாவம் என்று நினைத்தேன். கால் போகும் வழிப்படி பிரிக்க ஆரம்பித்தேன். நிமிஷத்துக்கு நிமிஷம் என் திறமை எனக்கே பிடித்துப்போனது. வாய்க்குள் பாட்டு வேறு.

அடுத்த நாள் மதியம் ஒரு வண்டி முழுக்கத் திரும்பி வந்தது. டிரைவர் கன்னடக்காரர். இறங்கி வந்து என்னைப் பார்த்து, "ஏனப்பா, நீனே போஸ்ட் மாஸ்டரா?" என்றார். பெல்ட்டில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "பிரேசர் டவுன் கூண்டுல எதுக்குண்ணா பென்சன் டவுன் பார்சல்?"

"பக்கத்துலதான் மேடம். நடந்தா பத்து நிமிஷம்."

"நடக்கறது யாருண்ணா? பிரேசர் டவுன் ஆபீஸ்ல ஸ்கேன் பண்ணா செவப்பு லைட் எரியுது. எடுக்கவே மாட்டாங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி, இனிமே நம்பரை மட்டும் பாக்கறேன்னு சொல்லுங்க. காண்ட்ராக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் மேலடுக்கு எனக்கு. வெளியே மேகம் கறுத்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பெல்ட் நின்றுபோய் நாற்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நம்பர்தான் மேடம் தப்பு."

"தபால் இலாகாவே தப்புங்கறீங்களா?"

"நடந்து பாத்தா தெரியும் மேடம்."

பத்து நிமிஷத்தில் என் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். தப்பித்துப்போ என்று கதவைத் திறந்து பிடித்தவளிடம், கதவு கோணல் என்று சொன்னவன் நான்.

தருமபுரிக்காரர் என் பையை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தார். "நீ சொன்னது நெஜமாவே இருக்கட்டும்பா. நெஜத்த விரிச்சா படுக்க முடியும்?" என்றார். இந்த மனுஷனுக்கா நான் மரியாதை சொல்லிக்கொடுத்தேன்!

எலக்ட்ரானிக் சிட்டி வரை நடந்தேன். அதற்குமேல் கால் ஒத்துழைக்கவில்லை, பஸ் ஏறினேன். சிவாஜி நகர் பஸ் நிலையத்தில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினேன். போர்வை நனைந்திருந்தது.

விடிந்ததும் பிரேசர் டவுனுக்கு நடந்தேன். எங்கே ஆள் தேவைப்படும் என்று காலுக்குத் தெரியும், அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. ஒரு ஷாமியானா கடை. கல்யாணத்துக்குப் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிற இடம். முந்தின நாள் விருந்துக்குப் போய் வந்த பிரியாணி தேக்சாக்கள் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. கடைக்கார பாய் என் பையையும் என்னையும் பார்த்தார்.

"தேக்சா தேய்ப்பியா?"

"படுக்க எடம் இருக்கா பாய்?"

"மாடியில ஜமுக்காளம் சுத்தி அடுக்கி இருக்கு. அதும்மேல படு. தேய்க்கத் தெரியுமான்னு கேட்டேன்."

"வாழ்க்கை பூரா அதான் பாய் பண்றேன்."

அவர் தேங்காய் நாரையும் ஒரு சட்டிச் சாம்பலையும் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவ்வளவு பெரிய பாத்திரத்தை நான் அதுவரை கழுவியதே இல்லை. ஒன்றை நிமிர்த்தி வைத்து, வெளியே நின்று கையை விட்டால் அடி எட்டவில்லை. இன்னும் நன்றாகக் குனிந்தேன். கால் தரையை விட்டது. பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சாச்சு போட்டு உள்ள எறங்குப்பா" என்றார். சாய்த்துப் போட்டு உள்ளே இறங்கினேன்.