கூட்டேரிப்பட்டு வரை போன கார்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடும் பஸ்களில்தான் நான் வளர்ந்தேன் என்று சொன்னால் அது பெரிய பொய்யாகாது. பள்ளிக்கூடம் இருக்கும் நாளெல்லாம் விழுப்புரத்தில் அப்பாவோடு, லீவு விட்டால் திண்டிவனத்தில் அம்மாவோடு என்று என்னைப் பங்கு பிரித்திருந்தார்கள். மஞ்சள் பையில் இரண்டு பாவாடையை மடித்து வைத்து, என்னைக் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டால், போய்ச் சேரும் ஊரில் யாராவது வந்து இறக்கிக்கொள்வார்கள். பார்சல் மாதிரிதான். என்ன, பார்சலுக்கு அழுகை வராது, எனக்கு விக்கிரவாண்டி தாண்டும் வரை வரும்.

இந்த ஏற்பாடு நிரந்தரம் ஆவதற்கு முன்னால், அம்மா திரும்பி வந்துவிடுவாள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு காலம் இருந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. போட்டிருந்தால் சமாதானமும் ஆகியிருப்பார்களோ என்னவோ. அவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல் என்று அம்மா என்னிடம் சொல்வாள். பசியில்லை என்று சொல் என்று அப்பாவும் என்னிடமே சொல்வார். இரண்டையும் நான் ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பேன். பங்குனியில் மயிலம் தேர் பார்க்க என்று தாய்வீட்டுக்குப் போன அம்மா, தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. கோடை லீவு முழுக்க நானும் அவளோடு திண்டிவனத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் என்னை மட்டும் மாமா கொண்டுவந்து விட்டுப் போனார்.

அதன்பிறகு சாவி என் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்க ஆரம்பித்தது. அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், சின்னப் பங்குதாரர். சாக்கெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு வீடு வர இருட்டிவிடும். பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தால், ஆளில்லாத வீடு என்னையே பார்ப்பது போலிருக்கும். அதனால் பையை உள்ளே போட்டுவிட்டு, பக்கத்துக் காலி மனையில் நின்ற எங்கள் காரில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். பழைய அம்பாசிடர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கிளம்பும். வீட்டுப்பாடம் எழுதியது, மல்லாட்டை உரித்துத் தின்றது, நாளெல்லாம் நடந்ததை வாய்விட்டுச் சொன்னது எல்லாம் அதன் பின்சீட்டில்தான். கேட்டுக்கொள்ள வேறு யாரும் இல்லை.

ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எப்போதும் கிரீஸ் அப்பிய காக்கி டவுசரில் இருப்பவர் அன்று வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்திருந்ததால், ஏதோ நல்ல சேதி என்று எனக்குப் புரிந்துவிட்டது. காப்பியைக்கூடத் தொடாமல் விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு ஆடி பொறக்குது மாமா. அக்காவும் மனசு எறங்கிக்கினு இருக்குது. நீங்க வந்து ஒரு வார்த்த கூப்ட்டா போதும், பொட்டிய எடுத்துக்கினு கெளம்பிடும்."

எங்கள் பக்கத்தில், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்ணை உடன்பிறந்தவன் கொண்டுவந்து விடமாட்டான். விட்டால், வேண்டாத சாமானைத் திருப்பிக் கொடுத்த கணக்காகிவிடும். புருஷன்காரன் தானே வந்து படியேறிக் கூப்பிட வேண்டும். அதுவும் ஆடியில் அழைத்துவர மாட்டார்கள். ஆக, விட்டால் ஒரு மாதம் போய்விடும். அன்று சாயங்காலம் ராகு காலத்துக்கு முன்னால் அப்பா அந்த வீட்டுப் படியில் காலை வைத்துவிட வேண்டும் என்பது மாமாவின் கோரிக்கை. ராகு காலம் என்றதும் அப்பா சிரித்தார். அவர் பஞ்சாங்கத்தைப் பல் குத்தக்கூடப் பயன்படுத்தாதவர்.

ஆனால் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. மாமியார் வீட்டு வாசலில் பஸ்ஸில் போய் இறங்குவதா, கார் எதற்கு இருக்கிறது என்றார். மாமாவின் முகம் பூரித்துப் போனது. நான் ஓடிப்போய் என் நல்ல பாவாடையை எடுத்து வெளியே வைத்தேன். அப்போதுதான் அப்பா, வண்டியில் ஆயில் தார் மாதிரிக் கீலாகக் கிடக்கிறது, மாற்றாமல் எடுத்தால் எஞ்சின் போய்விடும், ஒரு மணி நேர வேலைதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒர்க்ஷாப் கிடையாது. தானே மாற்றப் போவதாகச் சொன்னார். அதற்கு முன் அப்பா தன் கையால் ஆயில் மாற்றி நான் பார்த்ததில்லை. எப்போதோ வாங்கிப் போட்ட ஆயில் டின்னும் புது பில்டரும் பரணில் இருந்தன.

முன்சக்கரங்களைக் கல்லின்மேல் ஏற்றி, அப்பா அடியில் படுத்தார். பழைய ஆயிலைப் பிடிக்கப் பாத்திரம் கேட்டார். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அவரே எழுந்துபோய் அம்மாவின் அன்னக்கூடையை எடுத்துவந்துவிட்டார். அம்மா சோறு வடிக்கும் பாத்திரம் அது. அதில் கறுப்பு ஆயில் திபுதிபுவென்று விழுந்து நிரம்பியது. வந்ததும் அம்மா இதைத்தான் முதலில் பார்ப்பாள் என்று பயந்தேன்.

ஆயில் இறங்கிவிட்டது. பில்டர்தான் இறங்கவில்லை. அந்தக் காரில் பில்டர் என்பது சொம்பு அளவுக்கு ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணத்தின் வாய் எஞ்சினோடு அழுந்தியிருக்கும், அடியிலிருந்து ஒரே ஒரு நீளமான போல்ட் அதைப் பிடித்திருக்கும். அப்பாவின் ஸ்பேனர் அந்த போல்ட்டில் சரியாக உட்காரவில்லை. திருப்பத் திருப்ப வழுக்கி, போல்ட்டின் முனை மழுங்கிப்போனது. அப்பாவின் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. மாமா பொறுத்துப் பார்த்துவிட்டு வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து, சாக்கை விரித்துக்கொண்டு தானும் உள்ளே போனார்.

நான் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன். வெளியே தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள்தான். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். சுத்தியால் தட்டினார்கள். ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டித் தம் கட்டி இழுத்தார்கள். அவ்வளவு நேரமும் அந்த இருவரும் போல்ட்டைப் பற்றி மட்டுமே பேசினார்கள். எப்போதாவது அம்மா பேச்சு வரும், அம்மா என்ன சொல்லி அனுப்பினாள் என்று தெரியும் என்று நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை மாமாவின் குரல் தணிந்து வந்தது.

"அக்கா பாவம் மாமா."

ஸ்பேனர் மறுபடி வழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா, "அந்த சுத்திய இப்டி தள்ளு மச்சான்" என்றார்.

உச்சி வேளையில் போல்ட் கழன்றது. ஆனால் கிண்ணம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. என்ன செய்தாலும் விடமாட்டேன் என்கிற பிடி. மாமா அடுத்த தெரு சைக்கிள் கடைக்குப் போய், பழைய டியூப் ஒன்றைக் கிழித்து வாங்கிவந்தார். அதைக் கிண்ணத்தின்மேல் இறுகச் சுற்றி, முனையில் சுத்திக் கட்டையைச் செருகி முறுக்கினார். கிண்ணம் பொத்தென்று கையோடு வந்தது. உள்ளே தங்கியிருந்த ஆயில் முழுக்க மாமாவின் மூஞ்சியில் கொட்டியது. கண்ணும் பல்லும் மட்டும் தெரிய அவர் வெளியே வந்ததும் அப்பா சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

மாமா மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினார். மாப்பிள்ளை வருகிறார் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும், கோழி அடிக்க வேண்டும். மாட்டுகிற வேலைதானே பாக்கி, ஜல்தியாக வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீதியை அப்பா தனியாகச் செய்தார். கிண்ணத்துக்குள் புது பில்டரை வைத்தார். வாயில் பதிக்கும் ரப்பர் வளையத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். முடுக்கினார். ஆயில் ஊற்றினார். நான் அதற்குள் அன்னக்கூடையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, மறுபடியும் தேய்த்தேன். பிறகு நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். பூக்காரியிடம் நான் வாங்கிய மல்லிகைச் சரம் வாழை இலையில் மடியில் இருந்தது. திரும்பி வரும்போது இந்த இடம் அம்மாவுக்கு, நான் பின்னால் போய்விட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விக்கிரவாண்டி தாண்டியது. கூட்டேரிப்பட்டுக்குள் நுழையும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால், ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தோம். வந்த வழியெல்லாம் ரோட்டில் கறுப்புக் கோடு. பில்டர் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அப்பா பதறவில்லை. எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, தானும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து இல்லாத ஒரு நிதானம் அவர் முகத்தில் இருந்தது. கஷ்டகாலத்தில் பெரியவர்கள் இப்படித்தான் தைரியமாக இருப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது.

கூட்டுரோட்டில் லாரிகளுக்கு வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் இருந்தார். டீக்கடைக்காரர் கூப்பிட்டனுப்பியதும் வந்து அடியில் புகுந்தவர், வெளியே வரும்போது கையில் ஒரு வளையம் வைத்திருந்தார். தட்டையாக, பிளாஸ்டிக் வளையல் போல் இறுகிப்போன பழைய ரப்பர்.

"பழசு மேலயே ஒட்டிக்கினு கீது சார். அதும்மேலயே புதுசயும் வச்சி முடுக்கிட்டா எப்டி சார் நிக்கும்?"

கிண்ணம் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ரப்பரால்தானாம். கிண்ணம் வந்த சந்தோஷத்தில், பழைய ரப்பர் மேலே எஞ்சினிலேயே தங்கிவிட்டதை யாரும் பார்க்கவில்லை. மெக்கானிக் புதியதைச் சரியாகப் பதித்து, ஆயில் ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்து, அடியில் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை. போலாம் சார் என்றார்.

அப்பா உடனே எழவில்லை. எதிரில் பஸ்கள் வந்து நிற்பதும், திண்டிவனம் திண்டிவனம் என்று கண்டக்டர் கூவுவதும், போவதுமாக இருந்தன. மயிலத்துக்குப் பிரியும் ரோட்டைப் பார்த்தபடி அவர் இன்னொரு சிகரெட்டை முடித்தார். பிறகு வந்து வண்டியில் ஏறி, ஸ்டீயரிங்கை ஒடித்து, விழுப்புரம் பக்கமாகத் திருப்பினார்.

"திண்டிவனம் அந்தப் பக்கம்ப்பா" என்றேன்.

"ராகு காலம் பொறந்துடும்மா. இப்ப போனா நல்லதில்ல" என்றார்.

வெயில் இன்னும் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. வீடு வந்து சேர்ந்தோம். மல்லிகையை யாருக்கு வைப்பது என்று தெரியாமல், தேய்த்துக் கவிழ்த்திருந்த அன்னக்கூடையின்மேல் வைத்தேன். மறுநாள் காலையில் பூ கறுத்துப் போயிருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு மாமா வந்து என்னைத் திண்டிவனம் அழைத்துப் போனார். வண்டி வழியில் ரிப்பேராகி நின்றுவிட்டது என்றுதான் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கிளம்பி வந்தாரே, அதுவே போதும், வண்டி சதி பண்ணினால் மனுஷன் என்ன செய்வார் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவணி பிறந்ததும் போய்விடலாம் என்று பேச்சு. சேலைகளைக்கூட மடித்துப் பெட்டியில் அடுக்கியிருந்தாள்.

எனக்குத் தலை வாரிவிடும்போது, அன்றைக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டாள். இத்தனை நாள் காரின் பின்சீட்டிடம் மட்டுமே கதை சொல்லிவந்த எனக்கு, கேட்க ஓர் ஆள் கிடைத்த குஷி. ஒன்று விடாமல் சொன்னேன். மாமா மூஞ்சியில் ஆயில் கொட்டியது, அன்னக்கூடையை நான் எப்படிச் சுத்தமாகத் தேய்த்தேன், கூட்டேரிப்பட்டு மெக்கானிக் கையில் இருந்த பழைய ரப்பர் வளையம். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எப்ப சரி பண்ணாங்க? மறுநாளா?"

"இல்லம்மா, அப்பவே. வளையத்த எடுத்துட்டு ஒடனே சரி பண்ணிட்டாரு. ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பாத்தாரு, ஒரு சொட்டு ஒழுகல."

சீப்பு என் தலையில் நின்றது.

"அப்பறம் எங்க போனீங்க?"

"நம்ம வூட்டுக்கு."

அம்மா சீப்பை எடுத்துக் கீழே வைத்தாள். மெதுவாகப் பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, என் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கார் நன்றாக ஓடுகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி பயமில்லாமல் ஏறி வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு நானும் சந்தோஷமாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.