ஒன்பதரைக்குக் கீழே இறங்குகிறவள்

எங்கள் கட்டடத்தில் ஒன்பது மாடி, முப்பத்தாறு வீடு. வாசல் கதவுச் சாவி, மீட்டர் அறைச் சாவி, மொட்டை மாடிச் சாவி மூன்றும் பதினோரு வருடமாக என்னிடம்தான் இருக்கின்றன. கட்டடப் பொறுப்பாளர் என்று பெயர். சம்பளம் கிடையாது. என் வீடு முதல் மாடியில், படிக்கட்டை ஒட்டி இருப்பதால், யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது காலடிச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

ஆறாம் மாடி சைகாலின் காலடி களைத்த காலடி. எங்கள் பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலை. காலை எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். ரஷ்யாவுக்குப் போகும் பெண்கள் சட்டைகளுக்குக் காலர் தைப்பது அவள் பங்கு. அப்புறம் மினி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மகள் ஐதாய்க்குச் சமைத்து, பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பாள். வயது நாற்பத்து மூன்று. கணவன் மெதெர் சைபீரியாவுக்கு லாரி ஓட்டுகிறவன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவான், நாலு நாள் தூங்குவான், போய்விடுவான்.

அக்டோபர் மாதம் தொடங்கி இந்தக் களைத்த காலடி இரவு ஒன்பதரைக்கு மறுபடி கீழே இறங்க ஆரம்பித்தது. அப்போது அதில் களைப்பு இல்லை. அதுதான் எனக்கு முதல் உறுத்தல்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கறுப்பு ஜாக்கெட், தலையை மூடிய தொப்பி, கையில் ஒரு துணிப்பை. குப்பை போடப் போகிறாள் என்று நினைத்தேன். குப்பைத் தொட்டியைத் தாண்டி, பள்ளிக்கூடப் பக்கம் இருட்டுக்குள் போய்விட்டாள். பத்தேகாலுக்குத் திரும்பி வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. தொப்பிக்கு வெளியே வந்த முடி ஈரமாக இருந்தது. வெளியே குளிர் பூஜ்யத்துக்கும் கீழே, மழையும் இல்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஒருநாள் படிக்கட்டில் வழிமறித்துக் கேட்டேன்.

"என்ன சைகால், இந்த நேரத்துல எங்க?"

"சும்மா, காத்து வாங்கக்கா."

நவம்பர் மாதத்தில் எங்கள் ஊரில் எல்லார் வீட்டு அடுப்பும் நிலக்கரியில்தான் எரியும். ராத்திரியில் ஜன்னலைத் திறந்தால் தொண்டை கரகரக்கும். அந்தக் காற்றை வாங்குவதற்கு ஒருத்தி ஆறு மாடி இறங்கி வருவாளா? லிஃப்ட் வேறு செப்டம்பரிலிருந்து வேலை செய்யவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மெதெரின் அக்கா ஜிபார் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறாள். வாரம் இரண்டு தடவை என் வீட்டில் பால் சேர்த்த டீயும் பொரித்த மாவுருண்டையும் சாப்பிடாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. நான் சொல்லவில்லை என்றாலும் என் முகத்தைப் பார்த்தே பிடுங்கிவிடுவாள். பிடுங்கிவிட்டாள்.

"பையா? பைக்குள்ள என்ன?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"மாத்துத் துணியா இருக்கும். என் தம்பி அங்க பனியில சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கிட்டு கெடக்கான். இவ இங்க பையைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்துறா. நான் அவ கல்யாணத்தன்னிக்கே நெனச்சேன், கண்ணு நிலையா இல்லையேன்னு."

அந்தப் புதன்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அவள் பின்னால் போனோம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கம் வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பள்ளி மைதானத்தின் வேலியில் ஒரு கம்பி வளைந்திருக்கும். சைகால் அதன் வழியாக நுழைந்தாள். மூலையில் காவலாளியின் அறை, ஒரு சின்ன ஜன்னல், அதில் வெளிச்சம். அவள் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது அக்மாத். ஐம்பது வயது, ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்தவன், இன்னமும் கழுத்து எருமைக்கு இருப்பது மாதிரி இருக்கும். அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

ஜிபார் என் கையை அழுத்திப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

"போதும். இதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு?"

"கொஞ்சம் இருந்து பார்ப்போமே."

"எதுக்கு? கண்ணு கூசுறதுக்கா? வா."

அவசரத்தில் திரும்பியபோது என் கால் ஒரு தகர டப்பாவில் இடித்துச் சத்தம் வந்தது. ஓடி வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் ஜிபார் தம்பிக்குப் போன் போட்டாள். நோவோசிபிர்ஸ்க்கில் இருப்பதாக அவன் சொன்னான். இவள் பார்த்ததையெல்லாம் கொட்டினாள். கடைசியில், "யார்கிட்டயும் சொல்லாதீங்க, வர்றேன்" என்றான்.

மறுநாள் வியாழக்கிழமை சாயந்தரம் ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மெதெர்.

"அக்கா, கொஞ்ச நேரம் உங்க ஜன்னல்கிட்ட உக்காந்துக்கட்டுமா?"

டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நன்றாகச் சவரம் செய்திருந்தான். சட்டை மடிப்புக் கலையவில்லை. பாவம், மனைவியைப் பார்க்கப் போகிறோம் என்று வழியில் எங்கேயோ தயாராகி வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் ராத்திரி பகலாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதரைக்குக் காலடி இறங்கியது. அவன் எழுந்தான். நானும் மேல்கோட்டை எடுத்துக்கொண்டேன். "நீங்க வேணாம்க்கா" என்றான். அடிதடி நடந்தால் யாராவது தடுக்க வேண்டாமா என்றேன். உண்மையான காரணம் அது இல்லை.

மெதெர் மைதானத்தின் ஓரத்தில், பாப்லர் மரங்களுக்குப் பின்னால் நின்றான். நான் வேலிக்கு வெளியே நின்றேன். சைகால் அறைக் கதவைத் தட்டினாள், உள்ளே போனாள். மெதெரின் கை முஷ்டியாக மடங்கியது. ஒரு அடி எடுத்து வைத்தான்.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சைகால் மட்டும் வெளியே வந்தாள். காலில் பூட்ஸ் இல்லை. துணிப்பையில் வந்த வெள்ளை ஓட்டக் காலணி. கையையும் காலையும் உதறிக்கொண்டாள். அப்புறம் ஓட ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். மைதானத்தைச் சுற்றி ஓடினாள்.

ஒரு சுற்று, இரண்டு சுற்று. இறுகிப்போன மண்ணில் அவள் கால் விழும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்மாத்தின் ஜன்னலில் தொலைக்காட்சியின் நீல வெளிச்சம். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் மெல்ல நழுவி மெதெர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஓடுறா தம்பி" என்றேன்.

"எவனுக்கோ காத்திருக்கா."

"காத்திருக்கிறவ நிக்கத்தானே செய்வா?"

"குளிருக்கு ஓடுறா. பாருங்க, வருவான்."

ஐந்து சுற்று, ஆறு, ஏழு. யாரும் வரவில்லை. ஒன்பதாவது சுற்றில் அவள் எங்களை நெருங்கியபோது மெதெர் கால் மாற்றி நின்றான். காய்ந்த கிளை ஒன்று முறிந்தது.

சைகால் சட்டென்று நின்றாள்.

"யாரது?"

மெதெர் மரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"அக்மாத் அண்ணே! நேத்து வந்தவனுங்க மறுபடி வந்திருக்கானுங்க!"

அறைக் கதவு படாரென்று திறந்தது. அக்மாத் கரி அள்ளும் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நேற்று ராத்திரி எங்கள் டப்பாச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து அவளுக்குப் பயம். யாரோ தன்னை நோட்டம் விடுகிறார்கள் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

மெதெர் அங்கேயே நின்று "நான்தான்" என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கட்டின மனைவியை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தவன் என்ன முகத்தோடு சொல்வான்? திரும்பி ஓடினான். நான் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டேன்.

ஓடினவனை அக்மாத் துரத்தவில்லை, சைகால் துரத்தினாள். லாரி இருக்கையில் இருபது வருடம் உட்கார்ந்த உடம்பு அவனுடையது. பாதி மைதானம்கூடத் தாண்டவில்லை, அவள் பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவன் மண்டியிட்டு விழுந்தான்.

"திருட்டு நாயே! பொம்பளப் பிள்ளையப் பின்னாடி வந்து..."

அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். கை தானாகக் காலரை விட்டது.

"மெதெர்?"

அவன் பதில் சொல்ல முயன்றான். வாயைத் திறந்து திறந்து மூடினான், காற்றுத்தான் வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. அக்மாத் மண்வாரியைக் கீழே இறக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேல் சாய்ந்து நின்றான்.

"பூட்ஸ வைக்கத்தான் வருது இது," என்றான் யாரும் கேட்காமலேயே. "வெளிய வச்சா களவு போயிருது. வேற ஒண்ணும் இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் சைகாலுக்கு எங்கள் சந்தேகம் விளங்கியது என்று நினைக்கிறேன். சுற்றுமுற்றும் பார்த்தாள். என் கோட்டு மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"குல்ஷாயிர் அக்கா, நீங்களும் வாங்க. குளிர்ல ஏன் நிக்கிறீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. நான் போய் நின்றேன்.

அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவனிடம்தான் சொன்னாள். ஆகஸ்டில் அவள் பக்கத்து மெஷின்காரி, நாற்பத்தாறு வயது, சாயந்தரம் எழுந்து நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். உட்கார்ந்தே இருந்ததில் காலில் ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்களாம். அவள் மெஷினில் பாதி தைத்த காலர் அப்படியே இருந்ததாம். மறுவாரம் அந்த மெஷினில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். அன்று ராத்திரி சைகாலின் கணுக்கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

"எனக்கு வேற நேரம் எது? ஒன்பதரைதான்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றான் அவன், மண்டியிட்டபடியே.

"யார்கிட்ட? உங்க அக்காகிட்டயா?"

எங்கள் முற்றத்தில் நாற்பது வயதுப் பெண் மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம், சும்மா ஓடக்கூடாது. அது எனக்குத் தெரியாதா என்ன. அந்தச் சட்டத்தை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினவர்களில் நானும் ஒருத்தி.

அவன் கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். பிறகு அவன் சட்டையைப் பார்த்தாள். கையை விடவில்லை.

"உங்க அக்கா எப்போ போன் பண்ணாங்க?"

"நேத்து ராத்திரி."

"நோவோசிபிர்ஸ்க்ல இருந்து ஒரு நாள்ல வந்துட்டீங்க? லாரியில? எல்லையில ஒருத்தனும் நிறுத்தலையா?"

அவன் இன்னொரு கையால் முழங்கால் மண்ணைத் தட்டினான்.

"ஞாயித்துக்கிழமை ஐதாய்கிட்ட அங்க முட்டி அளவுக்குப் பனின்னு சொன்ன. எங்க இருந்து சொன்ன?"

அதுவரை 'நீங்க' என்று பேசினவள். 'சொன்ன' என்றபோது அக்மாத்தே தலையைக் குனிந்துகொண்டான்.  சவரம் செய்த முகத்தையும் மடிப்புக் கலையாத சட்டையையும் இரண்டரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. சந்தேகப்பட வேண்டியது ஒருத்தியைத்தான் என்று முடிவு செய்துவிட்டால் மற்றவன் அம்மணமாக நின்றாலும் தெரியாது போலிருக்கிறது.

கடைசியில் அவன் சொன்னான். பதினோரு நாளாக ஊரில்தான் இருக்கிறானாம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு நண்பனின் கார் கொட்டகையில் படுக்கை. ஓட்டுநர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டிவிட்டது. லாரியை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"காகிதம் இருக்கா?" என்று கேட்டாள்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அக்மாத்தின் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், ஒரு எழுத்து விடாமல் படித்தாள். தேதியை இரண்டு முறை பார்த்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இந்த உடம்போட அங்க பனியில ஓட்டிட்டு இருந்தியா?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அன்று இரவு ஆறாம் மாடிக்கு இரண்டு காலடிகள் ஏறின. நாலாம் மாடியில் ஒன்று நின்றது. மற்றது அதற்காகக் காத்திருந்தது.

மறுவாரம் முதல் ஒன்பதரைக்கு இரண்டு பேரும் இறங்கினார்கள். அவள் ஓடுவாள், அவன் நடப்பான். ஒவ்வொரு சுற்றிலும் அவனைத் தாண்டிப் போகும்போது அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாளாம். அக்மாத் சொன்னான். உடம்புக்காக நடக்கிறானா, காவலுக்கு வருகிறானா என்று ஜிபார் கேட்டாள். சைகாலுக்கே தெரியுமோ என்னவோ. கொட்டகை விஷயம் முழுக்க உண்மைதானா என்று சைகாலும் ஒருநாள் மினி பஸ் மாறிப் போய் விசாரித்துவிட்டு வந்தாள் என்று கேள்விப்பட்டேன். உண்மைதான் என்று நண்பனின் மனைவி சொன்னாளாம். மார்ச் மாதம் அவன் ரொட்டி வேனில் வேலைக்குச் சேர்ந்தான், ஊருக்குள்ளேயே.

என்னோடு சைகால் குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. வணக்கம் சொல்வாள், அவ்வளவுதான். ஏப்ரலில் கட்டடக் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்றாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போற பாதையில விளக்கு போடணும். ராத்திரி நாங்க நாலு பொம்பளைங்க ஓடப் போறோம். ஒளிஞ்சு பார்க்கிறவங்களும் தடுக்கி விழ வேணாம்ல."

எல்லாரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை, ஊருக்கே தெரிந்திருந்தது. ஆதரவாக முதலில் கை தூக்கியது நான்தான். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "லிஃப்டையும் பாருங்கக்கா" என்றாள்.

விளக்கு போட்டாகிவிட்டது. லிஃப்டுக்கு ஆள் வருவான், வருவான் என்கிறார்கள். நாலு பெண்களும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போகிறார்கள். நான் திரையை இப்போதெல்லாம் முழுதாகத் திறந்தே வைத்திருக்கிறேன், ஒளிவு மறைவு இல்லை. ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து வரும் அந்த நாலாவது பெண் ஓடப் போகும்போது லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு போகிறாள். வேர்க்கப் போகிற முகத்துக்கு லிப்ஸ்டிக் எதற்கு? நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜிபார்தான் இரண்டு நாளாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.