அக்கா ஒருவருக்கும் சொல்லவில்லை

எங்கள் அக்கா ஆண்டவருக்குள் இளைப்பாறி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலர் அவரைப் பற்றி நல்லதும் கேட்டிருப்பீர்கள், கெட்டதும் கேட்டிருப்பீர்கள். கெட்டது பரவியது பரிஸ் நகரில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் உள்ள என் புடவைக் கடையிலிருந்துதான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதும் கடமை தங்கையாகிய எனக்கே உண்டு.

அக்கா யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பிறந்தார். அப்பா பாடசாலையில் எழுதுவினைஞர். எங்கள் குடும்பம் தலைமுறையாக அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. அக்கா ஆசிரியையாக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தபோது சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், படிப்பு நின்றது. இருபத்தாறு வயதில் தனியாகப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தார். ஆறு வருடம் கழித்து என்னை இங்கே எடுப்பித்தவரும் அவர்தான். விமான நிலையத்தில் எனக்காக ஒரு தடித்த குளிர்ச் சட்டையோடு நின்றார். அது அவருடையது. அவர் நடுங்கிக்கொண்டு நின்றதை நான் அன்று கவனிக்கவில்லை.

அவருக்கு முதலில் கிடைத்த வேலை ஒரு பல்கலைக்கழக உணவகத்தில் தட்டுக் கழுவுவது. நகருக்கு வடக்கே உள்ள பெரிய பல்கலைக்கழகம் அது. எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். வேலை முடிந்து வந்து அக்கா சொல்வார்: “ஆயிரம் பேர் சாப்பிடுகினம். பாதிப் பேர் தனியத்தான் இருந்து சாப்பிடுகினம். ஒரு பிள்ளை கிழமை முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கேல்லை, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

நாங்கள் ஊரில் அங்கிலிக்கன் என்று சொல்லும் அதே குடும்பத்துச் சபை, பரிஸ் நகரில் எபிஸ்கோபல் என்ற பெயரில் இருக்கிறது. அக்கா அங்கே போய்வரத் தொடங்கினார். வேலைக்குப் பின் மாலை வகுப்புகளில் பல வருடங்கள் இறையியல் படித்தார். நாற்பத்தெட்டாவது வயதில் குருவானவராக அபிஷேகம் பெற்றார். மாணவர்களுக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று அவரே பேராயரிடம் கேட்டார். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குள் சமயத்துக்கு இடமில்லை என்பதால், வாசலுக்கு எதிரே ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் சபை ஓர் அறை எடுத்துக் கொடுத்தது. ஒரு மேசை, ஆறு கதிரைகள், தேத்தண்ணி வைக்க ஒரு கேத்தில். கதவில் சின்னச் சிலுவை. எந்தச் சமயப் பிள்ளையும் வரலாம், வந்து சும்மா இருக்கலாம் என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தார்.

புதன்கிழமைகளில் மாலை ஆராதனை. ஒருமுறை நான் போனபோது ஆறு கதிரைகளும் வெறுமையாக இருக்க, அக்கா கதவைத் திறந்து வைத்து உரத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரும் இல்லை. ஆருக்கு வாசிக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

“ஆரும் வந்தா பாதியிலை எண்டாலும் சேரலாம்தானே” என்றார்.

லா சப்பலிலும் அவர் தனிதான். இங்கே சைவர்களும் கத்தோலிக்கரும் நிறைய. எங்கள் சபைக்காரரை விரல்விட்டு எண்ணலாம். குருவானவரின் வெள்ளைக் கழுத்துப் பட்டியோடு அக்கா கடைக்கு வந்தால் சனத்துக்கு எப்படி அழைப்பது என்று தெரியாது. சிலர் ‘சிஸ்டர்’ என்றார்கள். ‘பொம்பிளைச் சுவாமியோ?’ என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர்களும் உண்டு. அக்கா திருமணம் செய்யவில்லை. ஒபர்வில்லியேயில் நான்காம் மாடியில் ஓர் அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். என் பிள்ளைகளுக்கு அந்த நாள் பெரியம்மாவின் நாள்.

பல்கலைக்கழக வாசலில் இருந்த அந்த மாணவர் அறைக்கு மதுஷா என்றொரு பிள்ளை வரத் தொடங்கினாள். வில்லியே லே பெல்லில் இருக்கும் ஒரு சைவக் குடும்பத்துப் பிள்ளை. சட்டம் படிக்கிறாள் என்று வீட்டார் பெருமையாகச் சொல்லிவந்தார்கள். அவள் சிலுவை போட்ட கதவைத் திறந்து வருவதை யாரோ கண்டு தாயிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். மதுஷாவின் தாய் உள்ளே வந்தவுடனேயே குரலை உயர்த்தினார்.

“உங்கட அக்கா என்ர பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு இழுக்கிறா. ஒவ்வொரு நாளும் அங்கைதான் இருக்கிறாளாம். நாங்கள் நாயாய்ப் பாடுபட்டுப் படிப்பிக்கிறது இதுக்கோ?”

நான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். ஆனால் அடுத்த நாள் அக்கா சாப்பிட வந்தபோது என் மனம் சமாதானமாக இல்லை.

“அந்தப் பிள்ளையை மதம் மாத்தினீங்களோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் அங்கை வாறாள்?”

“அதை அவளைத்தான் கேக்கவேணும்.”

“எனக்கும் சொல்ல ஏலாதோ? நான் கடை வச்சிருக்கிறன், அக்கா. நாலு சனத்தின்ர முகத்திலை முழிக்கவேணும்.”

“உனக்கு எண்டில்லைப் பிள்ளை. ஒருத்தருக்கும் ஏலாது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அப்ப இனி இஞ்சை வராதேங்கோ” என்றேன். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழும்பவில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டார், கோப்பையைக் கழுவி வைத்தார், பிள்ளைகளை முத்தமிட்டார், போனார். பிறகு பதினொரு மாதம் நாங்கள் கதைக்கவில்லை. இரண்டு தடவை அவர் தொலைபேசி எடுத்தார். நான் எடுக்கவில்லை.

கடைக்கு வந்தவர்கள் ‘மதம் மாத்துற அக்கா’ என்று கதைத்தபோது நான் மறுக்கவும் இல்லை. பேசாமல் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதை உங்களிடம் வந்து சேர்ந்த வழி அதுதான்.

அடுத்த ஐப்பசியில், ஆளில்லாத ஒரு பின்னேரம், மெலிந்த ஒரு பிள்ளை கடைக்குள் வந்து நின்றாள். பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகச் சொன்னாள்: “அன்ரி, நான் மதுஷா. அக்கா ஆஸ்பத்திரியிலை இருக்கிறா. குடலிலை கட்டி. ஒப்பரேசன் முடிஞ்சுது. அவவைப் பாக்க ஒருத்தரும் வரேல்லை. உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்க வந்தனான்.”

நான் உடனே கிளம்பியிருக்கவேண்டும். ஆனாலும் வாயில் வந்தது வேறு. “அவவுக்குத்தான் நீங்களெல்லாம் இருக்கிறீங்களே. உம்மாலைதானே நாங்கள் கதைக்காமல் இருக்கிறம். உம்மட அம்மா இதே கடையிலை வந்து நிண்டு கத்தினவ.”

“அம்மா இஞ்சை வந்தவவோ?” அவளுக்கு அது தெரியாது. தாயும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அவள் அப்படியே கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முதல் வருடச் சோதனையில் தவறிவிட்டாள். மறுபடி பதியவும் இல்லை. வீட்டில் சொல்லப் பயந்து, வழமைபோலக் காலையில் ரயிலேறி வந்து பல்கலைக்கழக வாசலில் சுற்றித் திரிந்திருக்கிறாள். ஒரு மழை நாளில் அந்தக் கதவைத் தள்ளினாள். வீட்டுக்குத் தெரியவந்தால் உயிரோடு இருக்கமாட்டேன் என்று அன்றே அக்காவிடம் சொன்னாளாம். அக்கா அவளைத் தானே மருத்துவரிடம் கூட்டிப்போனார், கிழமைக்குக் கிழமை கூட்டிப்போனார். யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

“ஒவ்வொரு கிழமையும் ‘வீட்டிலை சொல்லு, நான் பக்கத்திலை வந்து நிக்கிறன்’ எண்டு சொல்லுவா. நான்தான் பேந்து, பேந்து எண்டு தள்ளினனான். ஜெபத்துக்கு வா எண்டு ஒருநாளும் கேட்டதில்லை அன்ரி.”

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கு உண்மையைச் சொன்னாள். நான் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அக்கா பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “ஆர் சொன்னது?”

“மதுஷா.”

“தாய்க்குச் சொல்லிப்போட்டாளோ?”

“ஓம். இப்ப சொல்லியிருப்பாள்.”

கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதேன். “எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே அக்கா. நான் உங்கட தங்கச்சி.”

“உனக்குச் சொன்னா, அடுத்த பிள்ளை ஆரிட்டைப் போகும்?” என்றார். பிறகு, “ஞாயிற்றுக்கிழமையள்தான் கஷ்டமாயிருந்தது” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

மதுஷாவின் தாய் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். இருவரும் ரயில் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கதைத்தார்கள். எழும்பும்போது, “அண்டைக்குக் கடையிலை நான் கதைச்சது...” என்று இழுத்தார். “பிள்ளையிலை இருக்கிற பயத்திலைதானே கதைச்சனீங்கள்” என்றார் அக்கா. அந்த அம்மா பிறகு என் கடைக்கு வரவில்லை. அதற்கு நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். மதுஷா இப்போது வேறொரு ஊரில் வேறு படிப்புப் படிக்கிறாள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். “என்ர பேரையும் போடுங்கோ அன்ரி” என்றாள்.

அக்கா இன்னும் எட்டு மாதம் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். மாணவர் அறைக்குப் போய்வர வசதி என்று ஒபர்வில்லியேயிலேயே இருந்தார். நடக்க முடிந்த நாட்களில் போய்க் கதவைத் திறந்து வைத்தார். கடைசி இரண்டு கிழமை என் வீட்டில் கிடந்தார். ஒரு காலையில், நான் தலைமாட்டில் இருக்க, அவருடைய மூச்சு அடங்கியது. எத்தனை பிள்ளைகளின் இரகசியங்கள் அவரோடு போயின என்று எனக்குத் தெரியாது. அந்த அறைக்கு இன்னும் யாரும் நியமிக்கப்படவில்லை.

அக்காவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதி ஆராதனையை நடத்திய பேராயருக்கும் சபையாருக்கும், தேவாலயத்தில் பின்வரிசையில் வந்து இருந்து எங்களுக்குத் தெரியாத மொழிகளில் அழுத மாணவர்களுக்கும், சமயம் பாராமல் மூன்று நாளும் எங்கள் வீட்டில் சமைத்துத் தந்த லா சப்பல் கடைக்காரக் குடும்பங்களுக்கும், கோப்பாயிலிருந்து ஆறுதல் சொன்ன உறவுகளுக்கும் எங்கள் நன்றியைத் தெரிவிக்கிறோம்.

அந்தப் பதினொரு மாதத்தில் உங்களில் எத்தனையோ பேர் “அக்கா எங்கை, காணேல்லை?” என்று என்னிடம் கேட்டீர்கள். அவவுக்கு வேலை அதிகம் என்று சொன்னேன். அது பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், நான்காம் மாடியில், தனியே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

— தங்கை