இப்படி ஓர் இடம் இல்லை

தூத்துக்குடியில் சின்னக் கடைக்காரர்களுக்கு ஆன்லைன் விளம்பரம் செய்து கொடுப்பது என் தொழில். தொழில் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஹார்பர் சரக்குகளுக்குப் பேப்பர் போடும் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்; இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வீட்டோடு இருக்க வேண்டி வந்தது. கையில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. கடையை மேப்பில் ஏற்றுவது, போட்டோ எடுத்துப் போடுவது, ரிவ்யூவில் புகழ்ந்தவர்களுக்கு நன்றி சொல்வது, வைதவர்களிடம் மன்னிப்புக் கேட்பது, இவ்வளவுதான் வேலை.

இதில் நான் செய்துவந்த ஒரு கள்ளத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடையின் பக்கத்தையும் கடைக்காரரின் ஈமெயிலில் ஆரம்பிக்க மாட்டேன். என் ஈமெயிலில்தான் ஆரம்பிப்பேன். "ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி பாஸ்வேர்டு, ஓடிபின்னு தொந்தரவு" என்பேன். அவர்களும் விட்டது சனி என்று தலையாட்டிவிடுவார்கள். பக்கம் என் கையில் இருந்தால் என்னை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போக முடியாது, அதுதான் காரணம். இப்படிப் பத்தொன்பது கடைகளைப் பிடித்து வைத்திருந்தேன்.

அதில் ஒன்று மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மசாலாப் பொடிக் கடை. புருஷன் முன்னால் நின்று விற்பார், பெண்டாட்டி பின்கட்டில் நின்று வறுப்பாள். மல்லி, மிளகாய், சீரகம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, அவள் கையால் அள்ளிப் போட்டால்தான் மில் ஓடும். அந்தக் கடையின் பக்கத்தில் நானூற்றுக்கும் மேல் ரிவ்யூ இருந்தது. முக்கால்வாசி மீன் குழம்புப் பொடியைப் பற்றித்தான். கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப்போய், எந்தக் கடலிலிருந்தோ ஐந்து நட்சத்திரம் போடுவார்கள். "நல்லாருந்தா அதுல எழுதுங்க, நல்லாயில்லன்னா நேரா எங்கிட்ட வந்து வையுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நான்கு வருஷத்தில் வைய ஒருவரும் வந்ததில்லை.

ஒரு நாள் காலையில் வத்தல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை என்றார்கள். நாற்பத்து நான்கு வயது. தகவல் வந்ததும் நான் பக்கத்தில் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று போட்டேன்.

பதினாறு முடிந்த கையோடு குடும்பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பாகம் பேசினார்கள். கடை இருந்த கட்டிடம் மாமனார் காலத்தது. அதனால் கடை, மில், தராசு, பெயர்ப்பலகை எல்லாம் இறந்தவரின் அண்ணனுக்கு. வீட்டு மாடி அவளுக்கும், பத்தாவது படிக்கும் மகளுக்கும். "பின்கட்டு வேலைய விடாதம்மா. வந்து வறுத்துக் குடு, மாசச் சம்பளம் தாரேன்" என்று எல்லார் முன்னாலும் அண்ணன் சொன்னாராம். அவள் எழுந்து உள்ளே போயிருக்கிறாள். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் மேப்பில் உள்ள பக்கத்தைப் பிரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அவளுக்குத் தோன்றியது. மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, மில்லு, தராசு எல்லாத்தையும் அவுக எடுத்துக்கிடட்டும். மேப்ல இருக்க அந்தப் பக்கத்த மட்டும் எனக்குத் தந்துருங்க. வீட்டு அட்ரஸ், என் நம்பர் போட்டுட்டா நான் மாடியில இருந்தே வறுத்து, வெளி மில்லுல அரச்சு வித்துக்கிடுவேன். நானும் அவுகளும் சேந்து உண்டாக்குன கடையில போயி சம்பளத்துக்கு நிக்க என்னால முடியாதுக்கா. எம்பிள்ளைக்கு முன்னால அது மட்டும் முடியாது."

ஐந்து நிமிஷ வேலை. அவள் கண் முன்னாலேயே செய்திருக்கலாம். "நாளைக்குப் பாத்துச் சொல்லுதேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது கேட்டால், வேறு யார் வருவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அந்த அண்ணன் வந்தார். வியாபாரிகள் சங்கத்தில் சொல்வாக்கு உள்ளவர். என் பத்தொன்பது கடைகளில் பதினொன்று அவர் ஒரு வார்த்தை சொல்லி வந்தவை. "ஏம்மா, தம்பி கடை பக்கம் ஒங்கிட்டதான் இருக்காம்ல. எம் பேருக்கு மாத்திரு" என்றார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கும் கோபம் வந்து நான்கு வார்த்தை பேசியிருப்பேன். காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே, சங்கத்தில் இன்னும் இரண்டு பேர் என்னைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னார். டம்ளரை அவர் கீழே வைப்பதற்குள் பக்கம் அவர் பெயருக்குப் போய்விட்டது. கடை அவருடையது, போர்டு அவருடையது, அப்போது பக்கமும் அவருடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கை மணத்துக்கு எழுதிய நானூறு பேரின் வார்த்தை எப்படி அவருடையதாகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவளிடம், "அது கடையோட சேந்ததும்மா, பிரிக்க முடியாது" என்றேன். நம்பினாள். மனசு உறுத்திக்கொண்டே இருந்ததால், வீட்டு முகவரியில் அவளுக்குப் புதிதாக ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தேன். அதை மட்டும் அவள் ஈமெயிலிலேயே ஆரம்பித்தேன். நான் யோக்கியமாக நடந்துகொண்ட ஒரே தடவை. உண்மையிலேயே வியாபாரம் நடக்கிறதா என்று காட்ட மேப் கம்பெனிக்காரர்கள் வீடியோ கேட்டார்கள். அவள் மாடியில் வறுப்பதையும் மகள் பாக்கெட்டில் லேபிள் ஒட்டுவதையும் நானே போனில் எடுத்து அனுப்பினேன்.

ஒரு மாதம் ஆள் அரவமே இல்லை. பிறகு ஒரு மத்தியானம் போன் பண்ணினாள். "அக்கா, தருவைகுளத்துல இருந்து ஒரு அம்மா பத்து பாக்கெட் வாங்கிட்டுப் போனாவ. மோந்து பாத்துட்டு, 'இதான்ளா அந்தப் பொடி, கடையில இப்ப என்னத்தையோ குடுக்கான்'னு சொல்லுதாவ." அவள் புருஷன் போனதற்குப் பிறகு அவள் குரல் அப்படிக் கேட்டது அன்றைக்குத்தான். ஒன்று, மூன்று என்று ஏறி இருபத்து மூன்று ரிவ்யூ வந்தது. மகளுக்கு டியூஷன் சேர்த்துவிட்டாள். எனக்கும் பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

கடைப் பக்கத்தில் அதே சமயம் வசவு விழ ஆரம்பித்தது. அண்ணன் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு மில்லில் மொத்தமாக அரைத்து வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். 'மரத்தூள் மாதிரி இருக்கிறது' என்று ஒருவர் எழுதினார். 'வருந்துகிறோம், சரிசெய்கிறோம்' என்று கடை பேரில் நான் பதில் எழுதினேன். மேப்பில் பொடியைத் தேடினால் கடைக்கு முன்னால் அவள் வீடுதான் வருகிறது என்று யாரோ அவருக்குக் காட்டிவிட்டார்கள்.

"அதத் தூக்கிரும்மா" என்றார் போனில்.

"அது அவுக தனியா நடத்துதாக, அண்ணாச்சி."

"மாடி வீடு கடையாயிருமா? போர்டு இருக்கா அங்கன? நீயே சொல்லு." அவரே தொடர்ந்தார். "ஒனக்குத் தோதுப்படலன்னா சொல்லிரு. சங்கத்துல வேற ஒரு பையனும் கேட்டுக்கிட்டு இருக்கான்."

பதினொரு கடையும் கண் முன்னால் வந்தன. என் வீட்டு வாடகையும் அதோடு வந்தது. வயிற்றுப்பாட்டைச் சொல்லி இதை நியாயப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்கும் வயிறு ஒன்றுதான் இருந்தது.

அவள் பக்கம் அவள் ஈமெயிலில் இருந்ததால் என்னால் நேராக அழிக்க முடியாது. புகார்தான் கொடுக்க முடியும். காரணம் என்ன என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். அதில் 'இப்படி ஓர் இடம் இல்லை' என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினேன். என் ஈமெயிலிலிருந்து ஒன்று, என் வீட்டுக்காரருடையதிலிருந்து ஒன்று, என் கையில் இருந்த மூன்று கடைகளின் பெயரில் நான் திறந்து வைத்திருந்த ஈமெயில்களிலிருந்து மூன்று. அந்த மாடியில் அடுப்புப் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்த அதே போனில்தான் செய்தேன். கை கூசவில்லை. மூன்றாம் நாள் பக்கம் காணாமல் போய்விட்டது.

அவள் வேறு யாரிடம் போவாள்? என்னிடம்தான் வந்தாள்.

"ஒரு வாரமா ஒரு போன் இல்லக்கா. தேடிப் பாத்தா வீட்டையே காணும். நான் எங்கன தப்பு பண்ணுனேன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

அவள் போனை வாங்கி, எதையோ தேடுகிற மாதிரி மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். "மேப்ல சில நேரம் இப்படி ஆவும்மா. நான் மேப் கம்பெனிக்கு எழுதிப் போடுதேன். பதில் வந்தா திரும்பப் போட்டுருவாங்க."

"நீங்க சங்கடப்படாதீங்கக்கா. ஒங்களால ஆனத பண்ணுனீங்கல்லா" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன். அழுதேனே தவிர எழுதிப் போடவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வேம்பார் வரைக்கும் கடை கடையாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். விற்றால் காசு தருகிறோம் என்று வாங்கி வைத்தவர்கள் வண்டு விழுந்த பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு டியூஷன் நின்றது. நான்காவது மாதம் அவள் கடைப் பின்கட்டுக்கு வேலைக்குப் போனாள்.

போன மாதம் கடைப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: 'நடுவில் கெட்டுப்போயிருந்த ருசி திரும்ப வந்துவிட்டது.' ஐந்து நட்சத்திரம். அண்ணனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "வறுக்கதப் படம் எடுத்துப் போடும்மா, சனங்க பாக்கட்டும்" என்று கூப்பிட்டார். போனேன். பின்கட்டில் மிளகாய் நெடியில் மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். முன்னால் இருப்பவருக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க எழுதிப் போட்டீங்கல்லா, அதுக்குப் பதில் எதுவும் வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா" என்றேன். திரும்பிப் போய் வறுக்கச் சொல்லிவிட்டு, படம் எடுத்தேன்.