சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ‘மெல்பர்ன் குளிரில் சுருண்டுவிட்டீரா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. எதையாவது வேடிக்கையாக எழுதித் தப்பித்துவிடலாம் என்று வாராவாரம் உட்காரத்தான் செய்தேன். பேனா நகரவில்லை. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

சிவபாலன் என்று ஒரு நண்பன். சாவகச்சேரிக்காரன். மல்கிரேவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரையும் டிராப்ட்ஸ்மேன் வேலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகை அறை, அங்கே போன் கிடையாது. அவசரத்துக்கு என்று ஊரில் எங்கள் நம்பரைத்தான் கொடுத்திருந்தான்.

சித்திரை பிறந்த வாரம். இங்கே இலையுதிர்காலம். ஞாயிற்றுக்கிழமை மலைக்காட்டுக்குப் போய் நாள் முழுக்க நடப்பது என்று நானும் அவனும் திட்டம் போட்டிருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. தபால் ஆபீஸ் பெண் ஒரு தந்தியை எழுத்தெழுத்தாக வாசித்தாள். சிவபாலனின் தங்கை அனுப்பியது. ‘அம்மா ஆஸ்பத்திரியில். நிலைமை மோசம். அண்ணனை உடனே அனுப்பவும்.’

எழுதி வைத்துக்கொண்டு என் மனைவி கமலாவிடம் காட்டினேன். அதைப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “போயிட்டாங்க, இல்ல?” என்றாள்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வேன்? நம் ஜனங்கள் சாவை நேராகச் சொல்வார்களா? என் அப்பா போனபோது எனக்கு வந்த தந்தியும் ‘உடம்பு சரியில்லை, புறப்பட்டு வா’தான். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு சாயங்காலம் அவன் ஊருக்குச் சிங்கப்பூர் வழியாக ஒரு விமானம் இருந்தது எனக்குத் தெரியும். அடுத்தது புதன்கிழமை. ஆனால் ஊர் வெயிலில் எத்தனை நாள் உடலை வைத்திருப்பார்கள்? எப்படிப் போனாலும் முகத்தைப் பார்க்க முடியாது, புதன்கிழமையே போகட்டும் என்று கணக்குப் போட்டேன். பெரிய கணக்குப் புலி!

“ராத்திரி சொன்னா பட்டினி கிடப்பான். நாளைக்கு வயிறாரச் சாப்பிடட்டும். அப்புறம் சொல்லுங்க” என்றாள் கமலா. விடிவதற்கு முன்பே எழுந்து புளியோதரை கிளறிக் கட்டிக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கிளறினாள்.

காட்டைப் பற்றி என்ன சொல்ல? அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மரங்கள். கோடாலி படாத காடு. எங்கள் பாட்டன் முப்பாட்டனுக்கெல்லாம் முன்னாலிருந்தே நிற்கிறதாம். ஒரு மரத்தைச் சுற்றி வர எனக்கு இருபது அடி வைக்க வேண்டியிருந்தது. கீழே வெயிலே இல்லை. ஈரம், பெரணிச் செடிகள், அழுகின மரத்தின் வாசனை. என் சட்டைப் பையில் அந்தக் காகிதம்.

சிவபாலனுக்கு ஒரே ஒரு ஏமாற்றம்.

“இலையெல்லாம் சிவக்கும் எண்டு வேலையிடத்திலை சொன்னவங்கள், அண்ணை. இஞ்சை எல்லாம் பச்சையாய்த்தானே கிடக்கு?”

தெருவோரம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட மரங்கள்தான் சிவக்கும், இந்த நாட்டு மரங்கள் இலை உதிர்ப்பதில்லை என்று விளக்கினேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவன் குனிந்து ஒரு நீள இலையை எடுத்துத் துடைத்து, பர்ஸில் வைத்துக்கொண்டான்.

“அம்மாக்கு அனுப்ப. அடுத்த வருசம் அவவைக் கூப்பிடுவன் அண்ணை. இந்த மரத்தைக் கண்டா விட்டிட்டு வரமாட்டா.”

நான் ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் ஒரு விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் காகிதத்தைக் கொடுத்தேன். “மனசைத் தேத்திக்கோ, பாலன்...”

படித்தான். மறுபடியும் படித்தான்.

“இதிலை ஆஸ்பத்திரி எண்டுதானே கிடக்கு, அண்ணை?”

“நம்ம ஊர்ல அப்படித்தானே அனுப்புவாங்க...”

“இல்லை அண்ணை. தங்கச்சி அப்பிடி மறைக்கிற ஆள் இல்லை. அப்பா செத்தப்பவும் செத்திட்டார் எண்டுதான் தந்தி அடிச்சவள். இது எப்ப வந்தது?”

“நேத்து சாயங்காலம்.”

அவன் என்னைத் திட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஓட ஆரம்பித்தான்.

நானும் பின்னாலேயே ஓடினேன். காலையில் இரண்டு மணி நேரம் நடந்த பாதை. வேரில் தடுக்கி விழுந்து எழுந்து கார் வரை வந்து, அவன் அறைக்குப் போய் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் பறந்தோம். விமானம் கிளம்பி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

அடுத்த தந்தி செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்தது. ‘அம்மா இன்று மாலை இறந்துவிட்டார்.’ ஒளிவு மறைவு இல்லாத தங்கைதான். மறைத்ததெல்லாம் நாங்கள்தான். புதன்கிழமை ஏர்போர்ட்டில், “போட்டு வாறன் அண்ணை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லை.

போன வாரம் அவனிடமிருந்து கடிதம். ‘அம்மா செவ்வாய் மத்தியானம் வரைக்கும் நல்லாய்க் கதைச்சவவாம். நான் எப்ப வாறன் எண்டு கேட்டவவாம். உங்களிலை பிழை இல்லை அண்ணை.’

ஞாயிற்றுக்கிழமை ஏறியிருந்தால் செவ்வாய் காலையிலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பான். எத்தனை தரம் கணக்குப் போட்டாலும் அதே விடைதான் வருகிறது. கமலா கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களைக்குள் போனவள், வெகு நேரம் வெளியே வரவில்லை.

அன்றைக்கு அவன் பசியோடு இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டது அதை மட்டும்தான்.