ஒன்றாம் வகுப்பு தமிழ்ப் பிரிவும் அப்பாவின் நிர்வாகமும்

அப்பா சிறந்த நிர்வாகி என்று இந்த நினைவு மலரில் எனக்கு முன்னால் எழுதியிருக்கும் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவரோடு வேலை பார்த்த ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற கல்வி அலுவலர் ஒருவர், எங்கள் சித்தப்பா. அது பொய்யில்லை. ஆனால் அந்த நிர்வாகம் எப்படி நடந்தது, அதனால் என்ன ஆனது என்று ஒருவரும் எழுதவில்லை. முதலாண்டுத் திதிக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் அதையும் தெரிந்துகொண்டு வீடு திரும்பட்டும். நான் கோவையில் ஒரு நாளிதழில் செய்தியாளராக இருந்தவள். புகழுரை எழுதிப் பழக்கமில்லை.

அப்பா பிறந்தது பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேன்பதிக்குப் பக்கத்தில், தென்னையும் நிலக்கடலையும் பயிரிடும் குடும்பத்தில். தாத்தா தம் நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கித் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் கட்டினார். கேரளத்தில் இத்தகைய பள்ளியை எய்டட் பள்ளி என்பார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு தரும்; கட்டடமும் நியமனமும் கட்டிய குடும்பத்தின் கையில் இருக்கும். அந்தக் குடும்பத்தின் சார்பில் பொறுப்பேற்பவருக்கு மேனேஜர் என்று பெயர்.

அப்பா படித்து முடித்த சமயத்தில் தோட்டத்துக் கிணறு வற்றிப்போயிருந்தது. பயிரை நம்பி இருக்க முடியாமல் இடுக்கிப் பக்கம் ஏலப்பாறைக்கு ஆசிரியர் வேலைக்குப் போனார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. அங்கே அவருடன் வேலை பார்த்த இன்னோர் ஆசிரியர், தோட்டத்து ஹெட் கிளார்க்கின் மைத்துனர். அவர் பள்ளிக்கே வருவதில்லை. கேட்க யாருக்கும் துணிச்சலில்லை. அப்பா இரண்டு வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். மழைக்காலத்தில் கூரைத் தகரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி அவருடைய தொண்டை கெட்டது. கடைசிவரை அவர் குரலில் இருந்த கரகரப்பு ஏலப்பாறை கொடுத்தது.

"சார், அந்த வாத்தியாரு மூஞ்சி கறுப்பா செவப்பான்னுகூட எங்க புள்ளைகளுக்குத் தெரியாது. நீங்க ஒருத்தராவது வாறீகளே, அது போதும்" என்று கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர் சொன்னதை அப்பா பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் பாராட்டியது அவருக்கு முக்கியமாகப்படவில்லை. உறவு உள்ளே நுழைந்தால் நிர்வாகம் செத்துவிடும் என்ற முடிவுக்குத்தான் அதைச் சான்றாகச் சொல்வார்.

ஏலப்பாறையில் இருந்தபோதே தபால் வழியில் கல்வி நிர்வாகம் படித்தார். அவர் மனதில் இருந்ததற்கெல்லாம் அந்தப் படிப்பு பெயர் கொடுத்தது. திட்டமிடு, பொறுப்பைப் பிரித்துக் கொடு, வழிநடத்து, கண்காணி. ஒருவருக்கு ஒரே ஒரு மேலாளர்தான் இருக்க வேண்டும். உத்தரவு மேலிருந்து ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும். முறையீடு ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். அதிகாரம் ஆளுக்குரியது இல்லை, நாற்காலிக்குரியது. இவை தொழிற்சாலைகளைப் பார்த்து எழுதப்பட்ட கொள்கைகள். அவற்றுக்குப் பிறகு வந்தவர்கள் வேறு விதமாகவும் எழுதினார்கள்: வேலை செய்கிறவரிடம் கருத்துக் கேட்டால் வேலை சிறக்கும், பள்ளி என்பது தன்னைச் சுற்றியுள்ள ஊரோடு மூச்சு விடுகிற அமைப்பு. அப்பாவின் புத்தகங்களில் அந்த அத்தியாயங்களும் உண்டு. அவற்றையும் அடிக்கோடிட்டுத்தான் படித்திருக்கிறார். நடைமுறையில் அவர் எடுத்துக்கொண்டது முதல் பாதியை மட்டும்.

தாத்தா காலமானதும் சொத்துப் பிரிந்தது. தலைமையாசிரியரும் மேனேஜரும் ஒரே ஆளாக இருக்கலாகாது என்று கல்வித் துறையில் சொன்னார்கள். ஆசிரியர் பயிற்சி பெற்ற அப்பா ஏலப்பாறையிலிருந்து வந்து தலைமையாசிரியர் ஆனார். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, மேனேஜர் ஆனார்.

எங்கள் வீட்டு வழக்கம் சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் இருக்கும் இடத்தில் தம்பி உட்கார மாட்டார். அண்ணன் சொல்லை மறுத்துப் பேச மாட்டார். சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் தூணில் சாய்ந்து நின்றபடியேதான் காப்பி குடிப்பார். அதே சித்தப்பா பள்ளிக்கு வந்தால் அலுவலக அறையில் நாற்காலியில் உட்காருவார். அப்பா எழுந்து நின்று பேசுவார். அப்படி நிற்கச் சொன்னவர் யாருமில்லை. அப்பாவே வைத்துக்கொண்ட முறை அது. இந்த மலரில் பலரும் அதைப் பெருந்தன்மை என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவின் பள்ளி ஒழுங்காக நடந்தது என்பதை மறுக்க மாட்டேன். மணி தவறியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வரிசை கலைந்ததில்லை. ஒரு ஆசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்புக்கு யார் போவது என்பது முதல் நாளே முடிவாகியிருக்கும். ஒரு தாய் தம் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி நேரே அப்பாவிடம் சொல்ல வந்தால், "கிளாஸ் டீச்சர்கிட்டச் சொல்லுங்கம்மா, அவங்க எனக்குச் சொல்லுவாங்க" என்பார். டீச்சர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

அப்பா ஓய்வுபெறும் ஆண்டில்தான் அது நடந்தது. சித்தப்பா ஆங்கிலவழிப் பிரிவு தொடங்க அனுமதி வாங்கிவிட்டு, அவ்வாண்டு முதல் ஒன்றாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவு வேண்டாம் என்று முடிவெடுத்தார். அவர் சொன்ன காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தனியார் பள்ளிகளின் வேன்கள் தோட்டத்து வாசல்வரை வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகின்றன. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் எடுக்கும் கணக்கில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். ஆங்கிலம் என்று பலகை வைத்தால் தலைகள் சேரும். புதிய பிரிவுக்கு முதலில் நியமனம் பெற்றவர் சித்தப்பாவின் மருமகள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் சித்தப்பா இதை அறிவித்தார். அன்று நான் ஊரில் இருந்தேன், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தென்னந்தோப்பில் கூலி வேலை பார்க்கும் ராசாத்தி எழுந்தார். அவருடைய மகள் அந்த ஆண்டுதான் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும்.

"ஏனுங் சார், எம்பட புள்ள ஒண்ணுக்கு வருதுன்னு தமிழ்ல கேக்கறதுக்கே கூச்சப்படுமுங்க. இங்கிலீசுல எப்புடீங்க கேக்கும்?"

கூட்டம் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார்.

"அதெல்லாம் டீச்சர் சொல்லிக் குடுப்பாங்க. உம்பட புள்ள நாளைக்கு ஆபீசர் ஆவ வேண்டாமா?"

"ஆபீசர் ஆவறது அப்பறம் இருக்கட்டுங்க. மொதல்ல நனையாம ஊடு வந்து சேரட்டுமுங்க."

பிறகு ராசாத்தி அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "பெரிய சார் நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே. உங்க தம்பிதானுங்களே."

அப்பா எழுந்து சொன்ன பதிலை நான் அப்படியே குறித்துக்கொண்டேன். "உங்கள் கருத்தை மேனேஜரின் கவனத்துக்கு முறைப்படி கொண்டுசெல்கிறேன்." மேனேஜர் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

முறைப்படி கொண்டுசென்றார் என்பதும் உண்மை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டு மொழியில் பாடம் ஏன் தேவை என்று நல்ல தமிழில், தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. பதில் வரவில்லை. அந்த நாட்களில் சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. நோன்பி வந்தது, சித்தி மட்டும் வந்து பண்டிகைப் பலகாரம் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் வீட்டில் ஒரு சொல் விழுந்தால் மறுக்க முடியாது என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் அது தெரியும்.

"ஏனுங்க, அவரை ஊட்டுக்கு வரச் சொல்லி ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா அவரு செய்யமாட்டாரு."

"ஊட்டுல நான் அண்ணன். பள்ளிக்கூடத்துல அவன் எனக்கு மேல. ரெண்டையுங் கலக்கப்படாது."

"அவரு மருமகளக் கொண்டாந்து வெச்சாரே, அது கலக்கறது இல்லீங்களா?"

"அது அவன் தப்பு. அதுக்காக நானும் செய்யறதா?"

"அப்ப அந்தப் புள்ளைக?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போனார்.

இதில் ஒரு கொள்கை இருக்கிறது என்று அவரைப் புகழ்பவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. ஏலப்பாறையில் உறவைக் காட்டி ஒருவர் செய்த அநியாயத்தைப் பார்த்தவர், உறவைக் காட்டி எதையும் செய்வதில்லை என்று உறுதி எடுத்தார். ஆனால் அந்த உறுதியால் யாருக்கு வசதி என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. அண்ணன் பள்ளியில் வாய் திறக்க மாட்டார், வீட்டுக்கு அழைக்கவும் மாட்டார் என்று தெரிந்த தம்பிக்கு அதைவிட நல்ல தலைமையாசிரியர் கிடைக்க மாட்டார். படிகளை மதிக்கிறவர் கீழ்ப் படியில் நின்றால், மேல் படியில் உட்கார்ந்திருப்பவருக்கு நிர்வாகம் சுலபம்.

ஜூனில் தமிழ்ப் பிரிவு இல்லாமல் ஒன்றாம் வகுப்பு திறந்தது. ராசாத்தியின் மகள் சில மாதங்கள் வந்தாள். நான் போய்ப் பார்த்த நாளில் வகுப்பே சேர்ந்து ஆங்கிலப் பாட்டை நன்றாகப் பாடியது. தனியாக எழுப்பிப் பெயர் கேட்டபோது அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளைச் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். இன்னும் சிலரும் அப்படியே போனார்கள். ஒன்றில் பிரிவு இல்லை என்றால் அடுத்த ஆண்டு இரண்டில் இருக்காது, அதற்கடுத்த ஆண்டு மூன்றில் இருக்காது. அடியிலிருந்து காலியாகிக்கொண்டு வருகிறது. இன்று அங்கே தமிழில் படிப்பவர்கள் மேல் வகுப்புப் பிள்ளைகள் மட்டும். அவர்கள் வெளியேறினால் தாத்தா கட்டிய தமிழ்ப் பள்ளி முடிந்தது. இந்த மலரை வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே படிக்கவில்லை என்பதால் இது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு சிறுநீரகம் பழுதாகி, பாலக்காட்டில் சிகிச்சையில் இருந்தார். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவை நெடுநாள் நடத்திய கலாமணி டீச்சர் ஒரு பகலில் பார்க்க வந்தார். "லீவ் சொல்லிட்டு வந்தீங்களா டீச்சர்?" என்பதுதான் அப்பாவின் முதல் கேள்வி. அவர் போன பிறகு அம்மா மறுபடியும் கேட்டார். இப்போது நீங்கள் தலைமையாசிரியர் இல்லை, தம்பி உங்களுக்கு மேலே இல்லை, இனியாவது அவரிடம் சொல்லலாமே என்று.

"ரிட்டயரான ஆளு பள்ளிக்கூட விசயத்துல தலையிடப்படாது" என்றார் அப்பா. நான் அறிய, பள்ளியைப் பற்றி அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவருடைய இறுதி நாட்களில் இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக வண்டி ஓட்டிய பக்கத்துத் தோட்டத்து ரகமத்துல்லா அண்ணனுக்கும், காரியங்களுக்கு முன்நின்ற ஊராருக்கும், லீவு சொல்லிவிட்டு வந்த கலாமணி டீச்சருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சரியான கேள்வியை இரண்டு முறை கேட்டவர் அவர்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குப் போகும் முன் சித்தப்பா பார்க்க விரும்பினார். வீட்டுக்கு வரவழைத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"இதையெல்லாம் மலர்ல போடோணுமா அம்மிணி? ஊட்டோட பேசித் தீத்துக்கலாமே."

"ஊட்டுல வெச்சுத்தான் கேக்கறேன் சித்தப்பா. அப்பா கேக்கல, நான் கேக்கறேன். ஒண்ணாங் கிளாசுல தமிழ் திரும்ப வருமா வராதா?"

"புள்ளைக வந்தா நடத்தறதுக்கு எனக்கென்ன."

"எப்ப இருந்து?"

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். சித்தப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, "வர்ற ஜூன்ல வெக்கலாம்" என்றார். கட்டுரையில் இரண்டு இடங்களில் திருத்தம் கேட்டார். செய்யவில்லை.

அவர் சொன்னதைச் சொன்னபடியே அச்சிட்டிருக்கிறேன். அவரும் இன்று இங்கே பந்தியில் இருக்கிறார். உறுதி செய்துகொள்ள விரும்புபவர்கள் நேரில் கேட்கலாம். ஐந்து வயது நிரம்பிய பிள்ளை உள்ளவர்கள் ஆறாம் வேலை நாளுக்கு முன் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். பள்ளி பத்து மணிக்குத் திறக்கும். வாசலில் நான் இருப்பேன்.