வண்டியில் இசக்கி இருக்கிறாளா?

என் மகள் போகும் பள்ளி வேன் என் கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. அது சிக்னலில் நின்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நகர்ந்தால், ஏன் இவ்வளவு வேகம் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். டிரைவரின் உரிமம், வேனின் கேமரா, கூட வரும் ஆயா எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் சேர்த்தேன். என் கணவர் பார்த்துச் சிரிக்கிறார். எனக்காக என் அப்பா வண்டி தேடிய கதை அவருக்குத் தெரியாது. அப்பா விசாரித்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான்.

அப்பா சங்கு குளிப்பவர். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். விடிவதற்கு முன்பே வள்ளத்தில் போய், இடுப்பில் கயிறும் வாயில் காற்றுக் குழாயுமாகக் கடலுக்கு அடியில் இறங்குவார். மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். வேறு யார் பிடித்தாலும் அப்பா இறங்க மாட்டார். குளிக்கிறவனின் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரையின் பழைய வழக்கம்.

“அவன் கயித்த விட்டான்னா தாலி அறுக்கப் போறது அவன் தங்கச்சிதான? விடுவானா?” என்று அப்பா விளக்கம் சொல்வார். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வார். அம்மா அரிசி களைந்த தண்ணீரைக் கொஞ்சம் சத்தமாகக் கொட்டுவாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போன ஓர் ஆட்டோ உப்பு லாரிக்கு ஒதுங்கப் போய் ரயில்வே கேட் பக்கத்தில் கவிழ்ந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் எங்கள் தெருப் பையன் ஒருவன் கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கினான். அன்று அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அப்படி ஒரு வண்டியில்தான், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவும் மாமாவும் நான் கண் விழிக்கும்போது கடலில் இருப்பார்கள். அம்மாவுக்கு இடுப்பில் கைக்குழந்தையாகத் தம்பி. என்னைக் கூட்டிப்போக வேறு ஆளில்லை.

மறுநாள் அப்பா தொழிலுக்குப் போகாமல் என்னை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். ஒருவர் புது பிரேக்கை மிதித்துக் காட்டினார். இன்னொருவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தோணியாரைத் தொட்டு, தான் குடிப்பதே இல்லை என்றார். அப்பா எதையும் காதில் வாங்கவில்லை.

“அண்ணாச்சி, உங்க பிள்ள எதுல பள்ளிக்கூடம் போவுது?”

“அது பக்கத்துலதான, நடந்து போவும்.”

அப்பா அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார். ஸ்டாண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. கடைசியில், வேப்ப மரத்தடியில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த ஒருவர், “எம் மவ இந்த வண்டிலதான் வாரா. இந்தப் பிள்ள போட்டிருக்க அதே யூனிபாரம்தான், ரெண்டாப்பு” என்றார். அப்பாவின் முகம் தெளிந்தது. தரையிலும் அவருக்கு ஒரு மச்சான் கிடைத்துவிட்டார்.

அந்த மகள்தான் இசக்கி. பின் சீட்டுக்கு எதிரே போட்டிருந்த குறுக்குப் பலகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஆள் ஒல்லி, வாய் மட்டும் ஓயாது. “வண்டில அந்தப் பிள்ள இருந்தா ஏத்து. இல்லன்னா ஏத்தாத” என்று அம்மாவிடம் உத்தரவு போட்டுவிட்டு அப்பா நிம்மதியாகக் கடலுக்குப் போனார். இந்த யோசனை தெருவுக்கே பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வீடாக அந்த வண்டிக்கு மாற, டிரைவர் அண்ணாச்சி தன் பழைய சவாரிகளை விட்டுவிட்டு எங்கள் தெருவுக்கு மட்டுமே ஓட்டினார். காலையில் ஆட்டோ வந்து நின்றால் தாய்மார் யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். குனிந்து உள்ளே பார்ப்பார்கள். இசக்கியின் ரெட்டைச் சடை தெரிந்த பிறகுதான் எங்களைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். சாப்பிட்டாயா என்று ஒருத்தியாவது அவளிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அப்பாவின் கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. தூரத்தில் லாரி தெரிந்தாலே அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.

அந்த வருட மழை அரையாண்டுப் பரீட்சையோடு வந்தது. தெருவெல்லாம் தண்ணீர், வீட்டுக்கு வீடு காய்ச்சல். பரீட்சையின் முதல் நாள் ஆட்டோ வந்தபோது பலகை காலியாக இருந்தது.

“பிள்ள எங்க அண்ணாச்சி?” என்றாள் அம்மா.

“காய்ச்சல் அடிக்கிக்கா. வீட்ல படுத்திருக்கா.”

நான் ஒரு காலை உள்ளே வைத்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். “ஏளா, எறங்கு.”

“என்னக்கா இப்படிச் செய்யுதிய? வண்டிய ஓட்டுறது நான்தான?”

அம்மா என்னை வாசலுக்குள் இழுத்துக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே நடந்தது. காலி வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு திரும்பிப் போனது. பரீட்சை போச்சே என்று நான் அழுது புரண்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். அப்பா கடலிலிருந்து திரும்பியிருந்தார். அண்ணாச்சி வாசலில் நனைந்துகொண்டே நின்றார்.

“உங்க தெருவ நம்பித்தான் மத்த சவாரியெல்லாம் விட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு நீங்க அனுப்புனா எல்லாரும் அனுப்புவாவ.”

“உங்க பிள்ள வரட்டும். எம் பிள்ளையும் வருவா” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ நியாயம் பேசுகிறவரைப் போலத்தான் சொன்னார்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து நானும் எட்டிப் பார்த்து, “இசக்கியக் கூட்டிட்டு வாங்க. நாளைக்குக் கணக்குப் பரீட்சை” என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மறுநாள் இசக்கி வந்தாள். குறுக்குப் பலகையில் இல்லை. முன்னால், டிரைவர் சீட்டில், தன் அப்பாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, போர்வை சுற்றி, குரங்குக் குல்லாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா குனிந்து பார்த்தாள். சற்று நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

எனக்கோ வயிறு எரிந்தது. முன் சீட்டில் உட்கார எங்கள் யாரையும் அவர் விட்டதில்லை. தன் மகள் என்றால் மட்டும் சட்டம் மாறிவிடுமா? இரு பக்கமும் சாரல் அடித்து எங்கள் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. மாவுக்கட்டுப் பையன் விளையாட்டாகக் கையை நீட்டி இசக்கியின் கழுத்தில் வைத்தான். “ஏலே, அடுப்பு மாதிரி இருக்குலே!” என்று கத்தினான். அவ்வளவுதான், நான் நீ என்று போட்டி போட்டுக்கொண்டு நாங்கள் அவள் கழுத்திலும் கன்னத்திலும் குளிர் காய்ந்தோம். வாய் ஓயாத இசக்கி ஒன்றும் சொல்லவில்லை. “தொடாதிய பிள்ளைகளா” என்று மட்டும் அண்ணாச்சி திரும்பாமலே சொன்னார்.

அன்றுதான் அந்த வண்டி முதன்முதலாகப் பறந்தது. எந்த லாரிக்கும் அவர் ஒதுங்கவில்லை. ஒரு கன்டெய்னரின் சக்கரம் என் முழங்கைக்குப் பக்கத்தில் சுழன்றது. எங்களுக்குக் குஷி தாங்கவில்லை, ஓவென்று கூச்சல் போட்டோம். பள்ளி வாசலில் எங்களை இறக்கிவிட்டதும் வண்டியை அப்படியே ஆஸ்பத்திரிப் பக்கம் ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனார். மகளை அவர் இறக்கவேயில்லை.

இசக்கி பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து அவள் தன் அம்மாவின் கையைப் பிடித்து நடந்தே பள்ளிக்கு வந்தாள். அண்ணாச்சி அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. எத்தனை பேர் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அப்பாவும் போய்க் கூப்பிட்டார்.

கணக்குப் பரீட்சை நடந்த அன்று சாயங்காலம் எங்களை அழைத்து வந்தது யாரோ ஒரு டிரைவர். அவருக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து பாவாடை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் கஞ்சித் தூக்கு. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. இசக்கியின் அம்மா என்று அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா உள்ளே கூப்பிட்டாள், அவள் வரவில்லை. அப்பாவைப் பார்த்து, “உங்க பிள்ள நல்லபடியா வந்து சேந்துட்டாளா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

நான்தான் ஓடிவந்து, “வந்துட்டேன் அத்தை. கணக்கு எல்லாம் போட்டுட்டேன்” என்றேன். அவள் என் தலையைத் தடவினாள். “குளுக்கோஸ் ஏறுது. ராத்திரி தாண்டணும்னு டாக்டர் சொல்லுதாரு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மழையில் இறங்கி ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தாள்.

இந்த மழையில், நான் பத்திரமாக வந்தேனா என்று விசாரிக்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே, எவ்வளவு நல்ல அத்தை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஓங்கி என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா எழுந்து மழைக்குள் போனார். கணக்கு எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு வந்தவளை எதற்காக அடித்தாள் என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.